பதினேழாம் குழாய்

ரத்தத்தைப் பற்றி நான்கு வருடம் ஆராய்ந்து ஒரு பட்டம் வாங்கினேன். அந்தப் பட்டம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எந்தப் பெட்டியின் அடியிலோ, எந்தக் கரையான் வாயிலோ. ஆனால் பதினேழு என்று எண் ஒட்டிய ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் எந்த உறைபெட்டியில், எந்தத் தட்டில், இடமிருந்து எத்தனையாவதாக நின்றது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நான் மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். எழுபதுகளின் நடுவில் எனக்குப் பதினான்கு, பதினைந்து வயது. அம்மாவுக்கு அடிக்கடி காய்ச்சல் வரும். காய்ச்சலென்று படுத்துக்கொண்டால் அம்மாவின் நிரையை, அதாவது அவர் பால் வெட்டும் மரங்களை, வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அதனால் பள்ளி விடுமுறை நாட்களில் அம்மாவுக்குப் பதிலாக நான் பெரட்டுக்குப் போவேன். பெரட்டு என்றால் விடியும் முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. கங்காணி அம்மாவின் பேரைக் கூப்பிடுவார். நான் "இருக்கேன்" என்பேன். கங்காணிக்கு என்னையும் தெரியும், அம்மாவையும் தெரியும். நிரைக்கு ஒரு ஆள் நின்றால் அவருக்குப் போதும். அக்கா பேருக்குத் தங்கை, மாமியார் பேருக்கு மருமகள் என்று லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கும் இது நடந்தது. யாரும் இதைப் பொய்யென்று நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை. அம்மா பேருக்கு நின்ற நாட்களில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு.

பிறகு எப்படியோ படித்தேன். கோலாலம்பூரில் பல்கலைக்கழகம். எண்பதுகளின் தொடக்கத்தில் மேற்படிப்புக்கு ஆராய்ச்சிப் பொருள் தேடியபோது என் பேராசிரியர் ஒன்றைக் காட்டினார். தலசீமியா. ஹீமோகுளோபினைச் செய்யும் மரபணுவில் ஒரு சின்னப் பிழை. அந்தப் பிழையை ஒருவர் ஒற்றையாகச் சுமந்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது. சுமப்பவராகவே வாழ்ந்து, பால் வெட்டி, பிள்ளை பெற்று, வயதாகிச் சாவார். ஆனால் சுமக்கும் ஆணும் சுமக்கும் பெண்ணும் கல்யாணம் செய்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. அந்த நாலில் ஒன்றில் விழுந்த பிள்ளையின் உடம்பு சொந்தமாக ரத்தம் செய்யாது. மாதம் ஒருமுறை அடுத்தவர் ரத்தத்தை ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்ற இரும்பு சேர்ந்து ஈரலும் இதயமும் கெடும். இரும்பை வெளியேற்ற ஊசி இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளின் கைக்கு அது வந்து சேரவில்லை.

சொந்தத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் குடும்பங்களில் இந்தப் பிழை எப்படிக் கைமாறுகிறது, அதன் மூலக்கூறு என்ன என்பதுதான் என் ஆராய்ச்சி. "நீ தோட்டத்துப் பெண். அவர்கள் உன்னிடம் மறைக்க மாட்டார்கள்" என்றார் பேராசிரியர். எனக்கும் அந்த நினைப்புத்தான். பாம்பின் கால் பாம்பறியும் என்று மார்தட்டிக்கொண்டு வடக்கே ஈப்போ நகரத்துக்கு வந்து சேர்ந்தேன்.

ஈப்போவில் ஒரு ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வார்டை ஒட்டிய சின்ன அறை எனக்குக் கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்பு மலையின் வெள்ளை முதுகு. அறைக்குள் ஒரு மேசை, ஒரு உறைபெட்டி, மின்சாரப் பெட்டி ஒன்று. ஈரமான வெள்ளைப் பட்டையின் மேல் ஒரு துளி ரத்தத்தை வைத்து மின்சாரம் பாய்ச்சினால் ஹீமோகுளோபின் வகைகள் தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்து ஓடும். சுமப்பவர்களுக்கு ஒரு கோடு மட்டும் கொஞ்சம் தடித்திருக்கும். அதை அளந்து எழுத வேண்டும். மரபணுவை வெட்டிப் பார்க்கும் பெரிய வேலைக்கு மாதம் ஒருமுறை குழாய்களை ஐஸ் பெட்டியில் வைத்து கோலாலம்பூருக்குக் கொண்டுபோவேன்.

வெள்ளைக் கோட்டு போட்ட பெண் எல்லாம் அங்கே மிசிதான். நர்ஸுக்கு நம் ஆட்கள் வைத்த பேர் அது. நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப டாக்டரா?" என்றார்கள். அதுவும் இல்லை என்றேன். "அப்ப என்னாதான் வேலை?" என்று கேட்டு ஒருத்தி சிரித்தாள். அதோடு விட்டுவிட்டேன், மிசியாகவே இருந்தேன்.

என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டது ஒரே ஒருத்தி. தெலுக் இந்தான் சாலையில் உள்ள ஒரு தோட்டத்திலிருந்து மாதாமாதம் பஸ் ஏறி வருவாள். அந்த ஊரை அப்போது தெலுக் ஆன்சன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அவளை நான் அக்கா என்றேன். அவளுக்கு ஒரே மகன், நான்கு வயது. வயிறு மட்டும் முன்னால் தள்ளி, கன்னத்து எலும்பு புடைத்து, பழுப்பேறிய முகம். ரத்தம் ஏறும் ஆறு மணி நேரமும் அக்கா கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பாள். நாற்காலி போட்டால் உட்கார மாட்டாள். சொட்டு நின்றுவிட்டால் உடனே பார்க்க வேண்டுமாம்.

அவள்தான் ஒரு நாள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"தங்கச்சி, என் தம்பிக்கும் என் நாத்தனாருக்கும் பேசிக்கிட்டிருக்காங்க" என்றாள்.

அக்காவின் கணவருடைய தங்கையை அக்காவின் தம்பிக்குக் கட்டி வைப்பது. பெண் எடுத்த வீட்டிலேயே பெண் கொடுப்பது. நம் பக்கம் சாதாரணமாக நடப்பதுதான், செலவும் குறைவு, உறவும் விடாது.

"நீ அவங்க ரத்தத்தைப் பாத்துச் சொல்லு. ஆகாதுன்னா சொல்லு. நான் குறுக்க விழுந்தாச்சும் நிறுத்திருவேன். இன்னொரு புள்ள இந்தக் கட்டில்ல படுக்கக் கூடாதுலா."

அவள் கேட்டது சரியான கேள்வி. அக்காவும் அவள் கணவரும் சுமப்பவர்கள் என்பது மகனைப் பார்த்தாலே தெரியும். ஆகவே அவள் தம்பிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவள் நாத்தனாருக்கும் பாதிக்குப் பாதி. இருவரில் ஒருவர் தப்பித்திருந்தாலும் போதும், பிள்ளைகளுக்கு இந்த நோய் வராது. எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாத அந்தப் பெண் என் ஆராய்ச்சி முழுவதையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள்.

தம்பி அடுத்த வாரமே ஈப்போவுக்கு வந்து கையை நீட்டினான். இருபத்து நான்கு வயது, கல்யாண ஆசை முகத்தில் வழிந்தது. பட்டையில் கோடு தடித்திருந்தது. அவன் சுமப்பவன். இனி எல்லாம் அந்தப் பெண்ணின் ரத்தத்தில்தான் இருந்தது.

அக்காவின் தோட்டத்தில் எனக்கு வேறு குடும்பங்களும் வேண்டியிருந்தன. அதனால் இருபத்து மூன்று பேரின் பட்டியலோடு நானே போனேன். அக்கா கூட வருவதாகத்தான் ஏற்பாடு. அன்று பார்த்து மகனுக்குக் காய்ச்சல் கண்டு அவள் வார்டிலேயே தங்கிவிட்டாள். தோட்டத்தில் ஒரு வாரமாக விடாத மழை. மழையில் பால் வெட்ட முடியாது. அன்றுதான் வெயில் எட்டிப் பார்த்திருந்தது. பால் நிறைய வரும் நாள் என்று வெட்டு ஆட்களில் பலர் மரத்துக்கு ஓடியிருந்தார்கள். தோட்டத்து டிரஸ்ஸர், மருந்து கொடுக்கும் ஐயா, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையைத் திறந்துவிட்டு, அவருடைய வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் மேசை போட்டு, ஊசிகளை அடுக்கி, பட்டியலைக் கையில் எடுத்தேன். மதியம் பஸ். அதைவிட்டால் சாயங்காலம்தான், அதற்குள் ஐஸ் கரைந்துவிடும்.

பேர் கூப்பிட்டேன். ஒவ்வொருவராக "இருக்கேன்" என்று வந்தார்கள். கையைத் தேய்த்து, ஊசி குத்தி, குழாயில் எண் ஒட்டி, பட்டியலில் ஒரு கோடு. என்ன வேகம், என்ன நேர்த்தி! எனக்கே என்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

பதினேழாவதாக அந்தக் கல்யாணப் பெண்ணின் பேரைக் கூப்பிட்டேன். "இருக்கேன்" என்று ஒல்லியாக ஒரு பெண் எழுந்து வந்தாள். தலையில் துண்டு, சட்டையில் காய்ந்த ரப்பர்ப் பாலின் வாடை. ஊசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கல்யாணப் பொண்ணா? இதுக்கே பயந்தா எப்படி?" என்று கேலி செய்தேன்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பதில் சொல்லவில்லை. வெட்கம் என்று நினைத்தேன். முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. நரம்பைத்தான் பார்த்தேன், நல்ல நரம்பு, முதல் குத்திலேயே ரத்தம் வந்தது.

பதினேழாம் குழாயின் கோடு தடித்திருக்கவில்லை. ஒருமுறைக்கு இருமுறை ஓட்டிப் பார்த்தேன். சுத்தமான ரத்தம். வார்டுக்கு ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

"கல்யாணத்தை வைக்கலாங்க்கா. பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. பொறக்குற புள்ளைங்களுக்கு இந்த நோய் வராது."

"நெசமாவா?"

"நான் சொல்றேன்ல."

அக்கா அன்றுதான் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கல்யாணத்துக்கு நான் கட்டாயம் வர வேண்டும் என்றாள். நான் போகவில்லை. அன்று கோலாலம்பூரில் மரபணுக் கோடுகள் பதிந்த என் எக்ஸ்ரே பிலிம்களைக் கழுவி எடுக்கும் நாள், பேராசிரியர் காத்திருந்தார். அக்கா அடுத்த மாதம் வந்தபோது காகிதப் பையில் லட்டும் முறுக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். "நீ சொன்ன பொறவுதான் நான் சம்மதிச்சேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள். முறுக்கைத் தின்றுகொண்டே வேலை பார்த்தேன்.

ஒன்றே முக்கால் வருடம் போயிற்று. ஒரு காலை அக்கா வார்டுக்கு வந்தாள். அது அவள் மகனின் முறை இல்லை. இடுப்பில் வேறொரு பிள்ளை, எட்டு மாதப் பெண் குழந்தை. அவளுக்குப் பின்னால் தம்பியும் அவன் மனைவியும் நின்றார்கள்.  அக்கா பிள்ளையின் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினாள்.

"பாரு" என்றாள்.

உள்ளே வெள்ளையாக இருந்தது.

புழுவாக இருக்கலாம், இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம் என்று ஏதேதோ சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டு நின்றாள். நான்கு வருடம் அந்த வெளுப்பை மாதாமாதம் பார்த்தவளுக்கு நான் பாடம் எடுத்தேன். மறுநாள் பட்டை என் முகத்தில் அறைந்தது. பிள்ளைக்கு அதே நோய்.

முதலில் என் சோதனையின் மேல்தான் சந்தேகப்பட்டேன். தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், உப்புக் கரைசலைச் சந்தேகப்பட்டேன். பதினேழாம் குழாயில் மிச்சம் வைத்திருந்ததை உருக்கி மறுபடி ஓட்டினேன். சுத்தம். பிள்ளையின் தாயிடம் வார்டிலேயே புதிதாக ரத்தம் எடுத்து ஓட்டினேன். கோடு தடித்திருந்தது. ஒரே பெண்ணுக்கு இரண்டு விடை.  இரண்டு ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு கோலாலம்பூர் போய், மரபணுவைப் பிரித்து, வெட்டி, எக்ஸ்ரே பிலிமில் பதித்தேன். பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது கறுப்புக் கோடுகள் இரண்டு வரிசையிலும் வேறு வேறு இடத்தில் நின்றன. இது ஒரே ஆளின் ரத்தம் இல்லை. ஒரு தாய் வயிற்றில் பிறந்த இருவருடையதாக இருக்கலாம்.

ஈப்போவுக்குத் திரும்பி நேரே வார்டுக்குப் போனேன். பிள்ளைக்கு முதல் முறையாக ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. தாய் மட்டும் பக்கத்தில் இருந்தாள். இந்த முறை அவள் முகத்தைப் பார்த்தேன். அகன்ற முகம், இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. ஆயாக் கொட்டகையில் எழுந்து வந்த ஒல்லிப் பெண் இவள் இல்லை.

"கல்யாணத்துக்கு முன்ன தோட்டத்துக்கு வந்து ரத்தம் எடுத்தேனே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"எங்கிட்ட எடுக்கல மிசி. அன்னிக்கு வெயில் அடிச்சிச்சு, மரத்துக்குப் போகாட்டி நெரைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. தங்கச்சிதான் என் பேருக்கு வந்துச்சு."

"தங்கச்சியா?" என்று கேட்டேன்.

"ஏன் மிசி? அது குடுத்தா என்னா, நான் குடுத்தா என்னா? ஒரு வயித்துல பொறந்தவங்கதானே. ரத்தம் ஒண்ணுதானே?"

அவள் முகத்தில் துளிகூட ஒளிவு மறைவு இல்லை. அக்கா பேருக்குத் தங்கை நின்றாள், அவ்வளவுதான். நிரைக்கு நிற்பது மாதிரி ஊசிக்கு நின்றாள். அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு கங்காணி மாதிரி பேர் கூப்பிட்டவள் நான். அந்தக் குரலைக் கேட்டு அவர்கள் வேறெப்படிப் பதில் சொல்வார்கள்? வேறு ஊரிலிருந்து வந்த ஒரு ஆராய்ச்சிக்காரன் இந்தத் தப்பைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் அம்மா பேருக்கு எத்தனை விடியலில் "இருக்கேன்" சொன்னவள். எனக்குத் தெரியாதா? நான் மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. படித்துவிட்டேன், அதனால் அதெல்லாம் எனக்குப் பின்னால் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணத்துக்காவது போயிருக்கலாம். தாலி கட்டும் முன்பே மணவறையில் இருப்பது வேறு ஆள் என்று ஒரே பார்வையில் தெரிந்திருக்கும்.

பிள்ளையின் தாய் என் பதிலுக்காகக் காத்திருந்தாள். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு நாள் நிரைக்காகத் தன் பிள்ளையின் உயிரைக் கொடுத்துவிட்டோம் என்று இவள் நெஞ்சில் அடித்துக்கொள்வாள். தங்கைக்காரியை அந்த வீட்டில் எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள், சாகும்வரை பார்ப்பார்கள்.

"ஆமா, ஒண்ணுதான்" என்றேன். "எங்க சோதனைலதான் தப்பு. குழாய் மாறிப்போச்சு."

மரபணு படித்தவள் சொன்ன பொய் அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவள் தலையாட்டிக்கொண்டு பிள்ளையின் காலை நீவிவிட்டாள். அடுத்த பிள்ளைக்கும் நாலில் ஒன்று ஆபத்து உண்டு என்பதை மட்டும் அவளுக்கும் அவள் கணவனுக்கும் இரண்டு மூன்று தடவை எடுத்துச் சொன்னேன். அவர்கள் அதற்குப் பிறகு பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை.

அக்காவிடமும் அதையேதான் சொன்னேன். அவள் தன் மகனின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சொல்லி முடிக்கும்வரை சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாறிப்போச்சுன்னு எம்புட்டு லேசா சொல்ற" என்றாள். "குறுக்க விழுறேன்னு சொன்னேனே. நீதானே என்னையக் கையப் புடிச்சு எழுப்பிவிட்ட."

அதற்குப் பிறகு அவள் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடவில்லை. எல்லாரையும் போல மிசி என்றாள். திட்டியிருந்தால் தேவலை, அறைந்திருந்தால் இன்னும் தேவலை.

பேராசிரியரிடம் மட்டும் நடந்ததை அப்படியே சொன்னேன். நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். பிறகு, அந்தக் குடும்பத்தை ஆய்விலிருந்து எடுத்துவிடலாம், மற்றவை சுத்தமாக இருக்கின்றன என்றார். மற்றவை சுத்தமா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதனால் அந்தத் தோட்டத்து இருபத்து மூன்று பேரையும் திரும்பப் போய்ப் பார்த்தேன். இந்தத் தடவை பேர் கூப்பிடவில்லை. வீடு வீடாகப் போய், அடையாள அட்டையை வாங்கி, முகத்தோடு ஒத்துப் பார்த்தேன். பட்டியலில் இன்னும் ஒருவர் வேறொருவர் பேருக்கு நின்றிருந்தார். ஆய்வேட்டின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: அடையாளம் உறுதிப்படாததால் இரண்டு மாதிரிகள் நீக்கப்பட்டன. பட்டம் கொடுத்த நாளில் யாரும் அந்த வரியைப் பற்றிக் கேட்கவில்லை.

படிப்பு முடிந்த பிறகும் நான் ஈப்போவில்தான் இருந்தேன். ரத்தப் பிரிவில் வேலை கிடைத்தது. நான் செய்த முதல் காரியம் ஒரு படம் வரைந்தது. தாய், தகப்பன், நான்கு பிள்ளைகள். ஒரு பிள்ளை நோயாளி, இருவர் சுமப்பவர்கள், ஒருவருக்கு ஒன்றுமில்லை. அடியில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதினேன்: ஒரு வயிற்றில் பிறந்தாலும் ரத்தம் வேறு வேறு, ஒவ்வொருவரும் தாங்களே வந்து சோதித்துக்கொள்ளுங்கள். காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சுக்கு எதிரே ஒட்டினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒட்டினேன்.

அக்காவின் மகன் பத்து வயதில் போனான். இதயம் நின்றுவிட்டது. அப்போது அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி லயம் காலி. நான் துக்கத்துக்குப் போனேன். அக்கா என்னைப் பார்த்தாள், உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு தம்பி மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் அக்கா நின்றாள், அதே மாதிரி, உட்காராமல்.

அந்த வருடம்தான் ஒரு நாள் மதியம் ஒரு பெண் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். ஒல்லியானவள். கையில் தொழிற்சாலைச் சீருடையை மடித்து வைத்திருந்தாள். கமுந்திங்கில் ஏதோ கம்பெனியில் வேலையாம், மூன்று மணி நேரப் பஸ்ஸில் தன் அக்காவின் மகளைப் பார்க்க வந்தாளாம். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அன்று வாயைப் பொத்திச் சிரிப்பை மறைத்த கை அது.

"அக்கா, வெளிய ஒட்டியிருக்கே ஒரு படம். அதுல போட்டிருக்கறது நெசமா?"

"நெசம்தான்."

"அப்ப எங்க அக்காகிட்ட ரத்தம் ஒண்ணுதான்னு சொன்னீங்களே."

நான் எழுதிய வரிதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. 

"குழாய் மாறல" என்றாள். "நான்தான் மாறி வந்தேன்."

"பேர் கூப்பிட்டது நான்" என்றேன். "மூஞ்சியப் பாக்காம எழுதுனதும் நான். உன் மேல ஒரு தப்பும் இல்ல."

"கூப்பிட்டா இருக்கேன்னு சொல்லித்தானே பழக்கம்."

"எனக்கும் அதான் பழக்கம்" என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அந்தப் படத்தை அவள் முதன்முதலாகப் பார்த்து ஆறு மாதமாகிவிட்டதாம். ஒவ்வொரு தடவை வரும்போதும் பெஞ்சில் உட்கார்ந்து படித்திருக்கிறாள். அழுவதெல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

"உங்க அக்காகிட்ட சொல்லப் போறியா?" என்று கேட்டேன்.

"சொன்னா அவ என்னைய ஒண்ணும் சொல்ல மாட்டா. அதான் சுசா."

சுசா, கஷ்டம் என்பதற்கு நாங்கள் எல்லாரும் புழங்கும் மலாய் வார்த்தை.  நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பொய் சொன்னேன். அதை அவள் தனியாகச் சுமந்து நின்றாள். அதைச் சொல்லி அழ அவளுக்கு ஒரு ஆளும் இல்லாமல் செய்துவிட்டேன்.

சீருடையை மேசை மேல் வைத்துவிட்டு, "அன்னிக்கு எடுத்தீங்களே, என் ரத்தம். அது நல்ல ரத்தம்தானே?" என்றாள்.

"நல்ல ரத்தம்."

"அப்ப எடுத்துக்குங்க. அந்தப் புள்ளைக்கு ஏத்துங்க."

வகை ஒத்துப்போக வேண்டும் என்றேன். ஒத்துப்போனது. மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கொடுக்கலாம் என்றேன். சரி என்றாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கமுந்திங்கிலிருந்து பஸ் ஏறி வந்து, கட்டிலில் படுத்து, ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, பை நிறையும்வரை பேசாமல் கிடப்பாள். அந்தப் பை எந்தப் பிள்ளைக்குப் போகிறது என்று அவள் அக்காவுக்குத் தெரியும், சின்னம்மா ரத்தம் என்று பிள்ளையிடமும் சொல்லி வைத்திருந்தாள். பிள்ளை அதை வார்டில் எல்லாரிடமும் சொல்லும். ஏன் கொடுக்கிறாள் என்பது மட்டும் எங்கள் இருவருக்குள் இருந்தது.

பெண் பிள்ளை ஏழு வயதை எட்டவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய சட்டையைப் பிரிக்காமலே போய்விட்டது. அடக்கம் முடிந்த மறுவாரம் அக்கா வார்டுக்கு வந்து, கட்டிலுக்கடியில் விட்டுப்போன வாளியையும் துண்டையும் எடுத்துக்கொண்டு போனாள். என் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். நிற்கவில்லை.

இளையவள் இனி வர மாட்டாள் என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்து, அவளுடைய முறை வரும் வாரத்தில், அவள் வந்தாள். கட்டிலில் படுத்துச் சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

"இப்ப யாருக்கு ஏத்துவீங்க அக்கா?"

"தெரியாது. எந்தப் புள்ளைக்கு வேணுமோ அதுக்கு."

தலையாட்டினாள். நான் தாளை எடுத்தேன். அந்தத் தோட்டத்துக்கு அப்புறம் நான் யார் பேரையும் கூப்பிடுவதில்லை, அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்வேன். அவள் பேர் எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் கேட்டேன். அவள் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.